பலெர்மோவில் ஓர் இங்கிலாந்துச் சீமாட்டி

இங்கிலாந்து தேசத்தில் எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு சிம்மாசனமும் அதற்கு இரண்டு உரிமைக்காரரும் இருந்தார்கள். இத்தாலியின் பலெர்மோ நகரில் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒரு சுரூபக்கூடும் அதற்கு இரண்டு உரிமைக்காரரும் இருந்தார்கள். முன்னதற்காக ஊர்கள் எரிந்தன. பின்னதற்காக ஒரு பிளாஸ்ரிக் கதிரை உடைந்தது. மற்றப்படி இந்த இரண்டு யுத்தங்களுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் நடுவில் ஒரு பெண் அகப்பட்டாள்.

இந்தப் பெண்ணின் பெயர் அகஸ்ரீனா. சீமாட்டி என்று சொல்ல அவளிடம் கோட்டை இல்லை. பல்லரோச் சந்தைக்கு மேலே, மீன்காரர் கூவுவது கட்டில்வரைக்கும் வந்துவிடுகிற ஓர் அறையும் குசினியும் இருந்தன. சேடியர் இல்லை, அவளே சேடி. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், நாலாம் மாடியில், வயதுபோன ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவைக் குளிக்க வார்த்து, மாத்திரை கொடுத்து, வீடு துடைத்து, சிஞ்ஞோராவின் செத்துப்போன புருஷனுடைய படத்துக்கும் தூசு தட்டிவிடுவது அவள் உத்தியோகம். ஆனாலும் பழைய காலத்துப் பிரபுகுலப் பெண்களுக்கு வாய்த்ததெல்லாம் அவளுக்கும் குறைவின்றி வாய்த்தது. முகம் பாராத ஒருவருக்குப் படத்தைப் பார்த்தே கழுத்தை நீட்டினாள். கடல் தாண்டி அனுப்பப்பட்டாள். பிறந்த மண்ணைச் சேனைகள் மாறிமாறிப் பிடித்தன. தாய் மரியமலர், மன்னாரில் முருங்கன் ஊருக்குப் பக்கத்து வீட்டை விட்டு ஓடி, வவுனியாவில் ஒரு முகாமில் பாஸ் இல்லாமல் வெளியே வரமுடியாதபடி கிடந்தாள். போதாக்குறைக்குப் புருஷன் ஒரு கட்சி, கூடப்பிறந்தவன் மறு கட்சி. சீமாட்டியாவதற்கு ஒரு பெண் இதற்குமேல் என்னதான் செய்யவேண்டும்?

புருஷன் பெயர் ஏர்னஸ்ற். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரர். பகலில் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கின் தமிழ்ச் சபைக்குத் தலைவராக இருப்பார். ஆறு நாள் குனிந்த முதுகு ஏழாம் நாள் நிமிரும்போது கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்துவிடும். தம்பி பெயர் கொட்வின். அவனை இங்கே கூப்பிட்டதும், சிஞ்ஞோராவின் மகன் வீட்டில் வேலை எடுத்துக் கொடுத்ததும், முதல் மாதம் தன் குசினியில் பாய்போட்டுப் படுக்கவிட்டதும் அகஸ்ரீனாதான். அப்போதெல்லாம் அத்தானும் மச்சானும் ஒரு கோப்பையில் சாப்பிடாத குறை.

பிறகு மாதாவின் சுற்றுப்பிரகாரம் வந்தது. மாதாவைத் தூக்கிப்போகும் சுரூபக்கூட்டின் வலது முன்கொம்பைத் தோளில் வைப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. தலைவருக்குத்தான் முன்கொம்பு என்றார் ஏர்னஸ்ற்.

"மடு மாதா எங்கடை மண்ணிலை இருக்கிறவ. மன்னார்க்காரன் பின்னுக்கு நிண்டு வால் பிடிக்கிறதோ?" என்றான் கொட்வின்.

"உன்னை இஞ்சை கூப்பிட்டதே நான்."

"கூப்பிட்டது அக்கா. நீங்கள் எயார்போட்டுக்கு வந்து நிண்டனீங்கள், அவ்வளவுதான்."

இந்த இடத்தில்தான் கதிரை உடைந்தது. கூட்டை அந்த வருடம் நாலு இத்தாலியர் தூக்கினார்கள். தீவார் ஒரு பக்கமும் மன்னாரார் மறு பக்கமும் செபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள். மாதா நடுவில் போனா.

அன்றிலிருந்து கொட்வின் அக்காவின் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அகஸ்ரீனா சமைத்துப் புருஷனுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைச் சோற்றுக் கரியரில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் பின்னால் தம்பி இருக்கிற அறைக்கு நடப்பாள்.

"எங்கை போறீர்?" என்பார் ஏர்னஸ்ற், பத்திரிகையிலிருந்து கண் எடுக்காமல்.

"பூனைக்குச் சோறு வைக்க."

"பூனைக்கு இவ்வளவு தூள் போட்டே குழம்பு வைக்கிறது?"

"அது மன்னார்ப் பூனை."

அவர் பிறகு ஒன்றும் கேட்கமாட்டார். கரியரில் மீன்பொரியல் குறைந்திருந்தால் மட்டும், தன் கோப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். யுத்த காலத்திலும் சில மரியாதைகள் உண்டு.

இந்த யுத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரேயொரு சீவன் வவுனியாவில் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு மரியமலருக்குப் பாஸ் கிடைக்கும். அன்றைக்கு அவள் டவுனில் கொமியுனிக்கேசன் என்கிற ஒரு போன்கடை வாசலில், ஒரு மர வாங்கில் வந்து குந்திவிடுவாள். பலெர்மோவில் அகஸ்ரீனா பல்லரோவில் உள்ள போன்கடையில் நின்று அழைப்பாள். அங்கே கடைக்காரர் "பேசுங்கோ அம்மா" என்று றிசீவரைக் கொடுப்பது இங்கே கேட்கும். அதற்குப் பிறகு விசாரணை.

"தம்பி வீட்டை வாறவனோ பிள்ளை?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு ஞாயிறும் வாறவன்."

"மருமோனோடை கதைக்கிறவனோ?"

"கதைச்சு முடியுதில்லை அம்மா. ரெண்டு பேரும் வாய் மூடினாத்தானே."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் ஒண்டாய் ஒருநாளும் போனுக்கு வருகினமில்லை?"

வேலை என்றாள் ஒரு மாதம். காய்ச்சல் என்றாள் மறு மாதம். மூன்றாம் முறை மரியமலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமல் ஓய்ந்தபின் சொன்னாள்: "பிள்ளை, நான் கனகாலம் இந்த வாங்கிலை வந்து இருக்கமாட்டன். அவங்கள் ரெண்டு பேரின்ரை குரலையும் ஒரு போனிலை கேக்கோணும். ஒருத்தன் கதைச்சு முடிய மற்றவன் வாங்கோணும். கை மாறுற சத்தம் எனக்குக் கேக்கோணும். அதுக்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும்."

தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பது மகளுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கிழவிக்கு மகளிடம் வேறு கேள்வியோ வேறு ஆசையோ இல்லை. சொன்ன பொய்யை உண்மையாக்குவதைத் தவிர அகஸ்ரீனாவுக்கும் வேறு வழி இல்லை. ஞாயிறுதோறும் இந்த நகரத்துப் புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்கு நடந்தே ஏறினாள். பிள்ளை வரம் கேட்டுப் பல வருடம் ஏறிய அதே மலை. இப்போது விண்ணப்பத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

விண்ணப்பத்துக்குப் பதில் ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து வந்தது. அங்கே கடலோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கணவாய் கழுவிக்கொண்டிருந்த செல்வராசா, ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். தொண்ணூற்றேழாம் ஆண்டுத் திருநாளுக்கு ஒரு கூத்துப் போடுவோம் என்று அவர் அறிவித்தார். எங்கள் வேதக்காரச் சனத்துக்குக் கூத்து என்றால் சீமை ராசாக்கள் வேண்டும். உள்ளூர் ராசாக்களில் எங்களுக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஆகவே செல்வராசா, கணவாய் கழுவிய நேரம் போக மிச்ச நேரத்தில், இங்கிலாந்துச் சீமாட்டி எலனாள் என்றொருத்தியைத் தன் மண்டைக்குள்ளிருந்தே படைத்தெடுத்தார். நாட்டில் இரண்டு பேர் முடிக்குச் சண்டை. எலனாளின் கணவன் ஒருவர் பக்கம், சகோதரன் மற்றவர் பக்கம். கூத்தில் பிரபுக்களுக்கும் ராசா முடிதான். கணவன் போருக்குப் போக, சகோதரன் வந்து கோட்டையை வளைக்கிறான். சீமாட்டி கோட்டைக் கதவை அவனுக்குத் திறக்கவும் மாட்டாள், மதில்மேல் நின்று பசித்த தம்பிக்குச் சோறு இறக்கவும் தவறமாட்டாள். கடைசியில் இருவரும் கோட்டை வாசலில் பொருதிச் சாகிறார்கள். அவள் புலம்புகிறாள். பிறகு எல்லாரும் சேர்ந்து மங்களம். மங்களம் பாடாமல் கூத்து முடியாது.

சீமாட்டி வேடத்துக்கு டினேஷ் என்ற ஒரு பெடியன் தெரிவானான். ஊர் வழக்கப்படி ஆம்பிளைதான் பெண்வேடம் கட்டுவது. எல்லாம் சரிவந்தது, மீசையைத் தவிர.

"எடுக்கேலாது அண்ணாவியார்," என்றான் டினேஷ். "பெர்மெஸ்ஸோ விசாப் படத்திலை மீசை இருக்கு. வாற கிழமை குவெஸ்தூராப் பொலிசுக்குப் போறன். மீசை இல்லாமல் போனால் இது வேறை ஆள் எண்டு திருப்பி அனுப்புவாங்கள்."

"மீசையோடை சீமாட்டி வந்தால் சனம் சிரிக்குமடா."

"சிரிக்கட்டும். என்னை நாட்டை விட்டு அனுப்பாட்டிச் சரி."

இப்படியாக, இத்தாலிய வெளிநாட்டவர் சட்டம் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூத்து மேடைக்கு ஏற்றியது. அகஸ்ரீனாவுக்குக் குரல் உண்டு, பூசையில் முன்பாட்டு அவளுடையது. அண்ணாவியார் வந்து கேட்டபோது அவள் வெட்கப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"கட்டுறன். ஆனால் எனக்குப் புருஷனாய் என்ரை புருஷன்தான் வரோணும். தம்பியாய் என்ரை தம்பிதான் வரோணும்."

அண்ணாவியார் கையிலிருந்த தேத்தண்ணீரை மேசையில் வைத்தார். "பிள்ளை, அவை ரெண்டு பேரையும் வாளோடை ஒரு மேடையிலையோ?"

"மட்டைவாள் தானே அண்ணாவியார்."

இருவரும் முதலில் முடியாது என்றார்கள். ஆனால் ராசா முடி மற்றவன் தலைக்குப் போகப்போகிறது என்று தனித்தனியே கேள்விப்பட்டதும் இருவரும் சம்மதித்தார்கள். கேள்விப்படச் செய்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. பழைய சீமாட்டிகளும் இப்படித்தான் அரசியல் செய்தார்கள்.

வீட்டுவேலைக்காரருக்கு லீவு வியாழன் பின்னேரம் என்பதால் ஒத்திகையும் வியாழன் பின்னேரம். பனெத்தோனே கேக் பெட்டிகளை வெட்டி முடி செய்தார்கள். சிஞ்ஞோரா ஒரு பழைய சிவப்பு யன்னல் திரையைக் கொடுத்தா. அது எலனாளின் மேலங்கியாயிற்று.

"இங்கிலாந்துச் சீமாட்டியா?" என்று கேட்டா சிஞ்ஞோரா, கால் நகம் வெட்டுவித்துக்கொண்டு. "இந்த ஊருக்கும் ஒருத்தி வந்தாள். இங்கிலாந்து ராசாவின் மகள். பதினொரு வயதில் இங்கே ராசாவுக்குப் பெண்சாதியாக வந்தாள். அவன் செத்த பிறகு அடுத்த ராசா அவளைப் பிடித்து வைத்து, சீதனத்தையும் வைத்துக்கொண்டான். தமையன் கப்பல்களோடு வந்து கேட்டபிறகுதான் விட்டான்."

"அவளின் தமையனும் புருஷனும் கதைத்துப் பேசுகிறவர்களா, சிஞ்ஞோரா?"

"புருஷன்தான் செத்துவிட்டானே!"

"அப்படியென்றால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி," என்று சொல்லிவிட்டு அகஸ்ரீனா அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தாள்.

ஒத்திகையில் ராசாக்கள் வசனத்தில் மட்டும் பேசினார்கள். "அடே கொடியவனே!" என்பார் ஏர்னஸ்ற், மிகுந்த மனத்திருப்தியோடு. "உன் குலத்தை வேரறுப்பேன்!" என்பான் கொட்வின், அண்ணாவியார் எழுதாத இடத்திலும். வசனம் முடிந்ததும் ஒருவர் கதவடியில் நிற்பார், மற்றவன் யன்னலடியில் நிற்பான். தண்ணீர்ப் போத்தல்கூட அகஸ்ரீனா வழியாகத்தான் கை மாறும். "உவரிட்டைச் சொல்லு அக்கா, வாளை என்ரை கண்ணிலை குத்தவேண்டாமெண்டு." "உவனிட்டைச் சொல்லும், கண்ணை வாளடியிலை கொண்டுவர வேண்டாமெண்டு."

புலம்பல் பாட்டு வந்தபோது யுத்தம் சங்கீதத்துக்கும் பரவியது. தீவு மெட்டில்தான் பாடவேண்டும் என்று ஒரு பக்கம், மன்னார் மெட்டுத்தான் என்று மறு பக்கம். மத்தளம் அடிக்க வந்த கோபாலசிங்கம் சைவக்காரர். ஆகவே இரு தரப்பும் நம்பிய ஒரே ஆள் அவர்தான். கணவனுக்கு அழுவதைத் தீவு மெட்டிலும் தம்பிக்கு அழுவதை மன்னார் மெட்டிலும் வைத்தால் என்ன என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஒரு பெண்ணின் அழுகைக்கு நடுவில் எல்லைக்கோடு போடப்பட்டது.

மதிலேறி நான்பார்த்த வேளையிலே – என்
மணவாளன் மண்மீது கிடக்கக் கண்டேன்

என்று ஒரு மெட்டில் பாடி, மூச்சு வாங்கி,

கூடப் பிறந்தவனும் குருதிதோய – அவன்
கொண்டுவந்த கோபமெல்லாம் எங்கே போச்சோ

என்று மறு மெட்டில் பாடவேண்டும். அகஸ்ரீனா பிழையில்லாமல் பாடினாள். ஆனால் அண்ணாவியார் ஒவ்வொரு முறையும் இல்லையென்று தலையாட்டினார். "சுருதி சரி பிள்ளை. அழுகைதான் இல்லை."

"எல்லைக்கோட்டிலை கால் தடக்குப்படாமல் பாடவே எனக்கு நேரம் காணாது. இதுக்குள்ளை எங்கை அழுகிறது?"

கடைசி வியாழன் ஒத்திகைக்கு இருவரும் வரவில்லை. அகஸ்ரீனா பயந்துபோனாள். ஞாயிறு கூத்து. அதற்கடுத்த ஞாயிறு தாய்க்குப் போன். கூத்துக் குழம்பினால் போனும் குழம்பும். அண்ணாவியாரிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வாசல் திறந்திருந்தது. உள்ளே ஏர்னஸ்றும் கொட்வினும் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவர் கை அவன் தோளில் இருந்தது. இருவர் கண்ணும் சிவந்திருந்தன. அவளைக் கண்டதும் இருவரும் எழும்பினார்கள்.

"மச்சான் வந்தவன்," என்றார் ஏர்னஸ்ற்.

"அத்தானோடை கொஞ்சம் கதைக்க இருந்தது அக்கா," என்றான் கொட்வின், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அகஸ்ரீனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எத்தனை மலை ஏற்றம்! ஆம்பிளையள் சமாதானமானாலும் வெட்கத்தில் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காரணம் கேட்டு அதைக் கெடுத்துவிடக்கூடாதென்று குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் வைத்தாள். மூன்று கோப்பைகளை ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"வாற ஞாயிறு நாடகம். அடுத்த ஞாயிறு அம்மாவுக்குப் போன். ரெண்டு பேரும் வரோணும். வருவியளோ?"

ஏர்னஸ்ற் கோப்பையைப் பார்த்தார். கொட்வின் அவரைப் பார்த்தான்.

"ஓம்," என்றார் அவர்.

"ஓம் அக்கா," என்றான் அவன்.

மறுநாள் விடிய மாக்கிரட் அக்கா பிட்டோடு வந்தாள். மாக்கிரட் தீவாரின் பெண்கள் பிரிவுத் தலைவி. மன்னார்க்காரியின் வீட்டுக்கு வெறுங்கையோடுகூட வந்தவளல்ல. "நாடகத்துக்கு நிக்கிற பிள்ளை, அடுப்படியிலை கிடந்து வேகாதை. குரல் கட்டிப்போம்." மத்தியானம் மன்னார்ப் பக்கத்து றோசமலர் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டுவந்தாள். சனிக்கிழமை இன்னும் மூன்று வீடுகளிலிருந்து சட்டிகள் வந்தன. எல்லாம் மரக்கறி, ஒரு கருவாட்டுத் துண்டுகூட இல்லை. அகஸ்ரீனா அடுப்பு மூட்டப்போனால் ஏர்னஸ்ற் வந்து நெருப்புப் பெட்டியை வாங்கி மேலே வைத்தார். "விடும் அப்பா. சனம் ஆசையாய்த் தருகுது." மாக்கிரட் போகும்போது அவளைக் கட்டிப்பிடித்தாள். றோசமலரும் அப்படியே. கூத்து ஒன்றுக்கு இவ்வளவு வலிமையா என்று அகஸ்ரீனா வியந்தாள். தலைவர்கள் சேர்ந்தால் சனமும் சேர்ந்துவிடும் போலிருக்கிறது என்று, சரித்திரம் படித்தவள் மாதிரி ஒரு முடிவுக்கும் வந்தாள்.

ஞாயிறு பின்னேரம் பங்கு மண்டபம் நிறைந்தது. ஊரில் விடியவிடிய ஆடுகிற கூத்து. இங்கே மண்டபத் திறப்புச் சாவியை எட்டு மணிக்குக் கொடுக்கவேண்டும் என்பதால் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் கொஞ்சம் அவசரமாகவே நடந்தது.

சீமைதனில் கோட்டைகட்டிச் சிறந்து வாழும்
சீமாட்டி எலனாளும் சபைக்கு வந்தாள்

என்ற வரவுப் பாட்டோடு, சிவப்புத் திரையை இழுத்துக்கொண்டு அவள் மேடைக்கு வந்தாள். பெண்ணொருத்தி கூத்தில் ஏறினால் விசிலோ சீக்காய் அடியோ ஒன்றாவது கேட்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மண்டபம் பூசையில் சுவாமி எழுந்தேற்ற நேரம் மாதிரி அமைதியாயிருந்தது. மதிலிலிருந்து தம்பிக்குச் சோற்றுச் சட்டி இறக்கும் கட்டத்தில், கீழே நின்ற கொட்வின் சட்டியை வாங்கினான். "உன் சோறு எனக்கெதற்கு?" என்ற வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தான், சொல்லவில்லை. அண்ணாவியார் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். அப்போதும் சொல்லவில்லை. சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு இருவரும் பொருதினார்கள். முன்னெல்லாம் மட்டைவாள் முறியும்வரை அடித்தவர்கள், இன்றைக்குத் தொட்டும் தொடாமலும் இரண்டு வீச்சு வீசிவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விழுந்து செத்தார்கள். மத்தளம் தாழ்ந்தது. புலம்பலுக்கு நேரம்.

அகஸ்ரீனா முன்னுக்கு வந்தாள். பாட்டின் முதல் எழுத்து இன்னும் வாயிலிருந்து வரவில்லை. அதற்குள் மண்டபம் அழுதது.

முன்வாங்கில் மாக்கிரட் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். றோசமலர் அவள் தோளில் முகம் புதைத்திருந்தாள். தீவாரும் மன்னாராரும் ஒரே வாங்கில், ஒரே அழுகை. மீசைக்கார டினேஷும் அழுதான். பாடாத பாட்டுக்கு எந்தச் சனமும் அழுவதில்லை. அவள் திரும்பி ராசாக்களைப் பார்த்தாள். மேடையில் செத்துக் கிடந்த தம்பியின் நெஞ்சு குலுங்கியது. அவன் முடி கழன்று, பனெத்தோனே பெட்டியின் படம் வெளியே தெரிய, உருண்டு கிடந்தது. செத்துக் கிடந்த புருஷனின் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அயலார்தான் சமைத்துக் கொண்டுவரவேண்டும். மரக்கறிதான் கொண்டுவரவேண்டும். வந்தவர்கள் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போகவேண்டும். ஊரில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் சனம் ஒரு சாவை மறைக்கத் தீர்மானித்தது. ஆனால் அந்தச் சாவுக்குரிய முறை ஒன்றைத் தவறவிடவும் அதற்கு மனம் வரவில்லை. வாயால் மறைத்ததைச் சட்டிகளில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

கோபாலசிங்கம் இன்னொருமுறை தாளத்தைத் தொடக்கி விட்டார். அகஸ்ரீனா பாடினாள். ஆனால் அது அண்ணாவியார் கட்டிய பாட்டல்ல.

அடுப்பெரியா மனைதேடிச் சோறு வந்ததே – அது
ஆர்செத்த சோறென்று சொல்லுங்களேன்

அது தீவு மெட்டா மன்னார் மெட்டா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இன்றுவரை ஒருவரும் வழக்காடவும் இல்லை. அவள் அந்த இரண்டு அடியையே திரும்பத் திரும்பப் பாடினாள், முன்வாங்கைப் பார்த்து, பின்வாங்கைப் பார்த்து, ஒவ்வொருவராகக் கேட்பதுபோல. மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, செத்த ராசா எழும்பினான். எங்கள் கூத்துகளில் அப்படி நடந்ததேயில்லை.

"அக்கா," என்றான் கொட்வின். "வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது. அம்மா போயிட்டா. முகாமிலை... நெஞ்சு நோவு. வெள்ளிக்கிழமை அடக்கம் முடிஞ்சுது."

மத்தளம் நின்றது.

ஏர்னஸ்றும் எழும்பி முழந்தாளில் இருந்தார். "நாடகம் முடிய சொல்லுவமெண்டு நானும் மச்சானும்..." என்றார். செத்தவீட்டுக்காரி மேடை ஏறினாள் என்று ஊர் கதைக்கும், ஏறாவிட்டால் இத்தனை வியாழக்கிழமைகளும் வீண், அதைவிட இவளிடம் இதை எப்படிச் சொல்வது — இந்த மூன்று பயத்தின்மேலும் இரண்டு ராசாக்களும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தார்கள். இரண்டு வருட யுத்தத்தில் அவர்கள் செய்த ஒரே உடன்படிக்கை அது. தாயைப் பறிகொடுத்த மகனும் அதே துக்கத்தில்தானே முடி வைத்து ஆடினான் என்பது அதில் சேர்க்கப்படவில்லை. ராசாக்களுக்கு விலக்கு உண்டு.

அகஸ்ரீனா அழவில்லை. புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "நான் சமாதானம் எண்டெல்லோ நினைச்சன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணாவியார் மெதுவாக வந்தார். "பிள்ளை, மங்களத்தைப் பாடி முடிச்சிடுவம். பாடாமல் விட்டால் கூத்து முடியாது. ஊருக்கும் கூடாது."

"முடிய வேண்டாம் அண்ணாவியார்."

சிவப்புத் திரையைக் கழற்றி மடித்தாள். சிஞ்ஞோராவுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய சாமான் என்பதால் விளிம்போடு விளிம்பு வைத்து ஒழுங்காக மடித்தாள். பிறகு மேடையை விட்டு இறங்கினாள். மண்டபத் திறப்பை எட்டு மணிக்கு முன்னரே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் இரண்டு கட்சியும் அவள் வீட்டில் செபமாலை சொன்னது. கொட்வின் தினமும் வந்தான். அத்தானும் மச்சானும் கதிரை அடுக்கினார்கள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள், ஒரே கோப்பையில் சாப்பிட்டார்கள். அகஸ்ரீனா கேட்டிருந்த எல்லாம் கிடைத்தது. அவள் அவர்கள் இருவரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. போனுக்குக் குறித்திருந்த ஞாயிறு. மத்தியானம் அவள் சேலை உடுத்தி, முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ரெண்டு பேரும் வாங்கோ."

"எங்கை அக்கா?"

"வாறமெண்டு சொன்னனீங்கள் தானே."

சந்தைக்குள்ளால் மூன்று பேரும் நடந்தார்கள். போன்கடையில் அவள் எப்போதும் நிற்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் நம்பரை அடித்தாள். வவுனியாவில் மணி அடித்தது.

"அலோ, ஆர் வேணும்?"

"நான் மரியமலர் அம்மாவின்ரை மகள் அண்ணை. பலெர்மோவிலையிருந்து."

கடைக்காரர் தாழ்ந்த குரலில், "தங்கச்சி... அம்மா இனி..." என்று தொடங்கினார்.

"தெரியும் அண்ணை. அம்மா குந்துற வாங்கு அங்கை கிடக்கோ?"

"ஓம், வாசலடியிலை கிடக்குது. இப்ப ஒருத்தரும் இல்லை."

"றிசீவரை அந்த வாங்கிலை வைக்கிறியளோ? வயர் எட்டுமோ?"

அவர் வயரை இழுத்துப் பார்ப்பது கேட்டது. "எட்டாது தங்கச்சி. நில்லுங்கோ, வாங்கை இழுக்கிறன்."

மரக்கால் சீமெந்தில் உரசி வரும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு றிசீவர் பலகையில் பட்ட சத்தம். அதற்குப் பிறகு வவுனியாத் தெரு, ஒரு லொறி, ஒரு சைக்கிள் மணி.

அகஸ்ரீனா றிசீவரை ஏர்னஸ்றிடம் நீட்டினாள். "கதையுங்கோ."

"ஆரோடை?"

"மாமியோடை."

மைக் இல்லாமல் முந்நூறு பேருக்குப் பேசுகிற தலைவர் அவர். றிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "மாமி... நான் ஏர்னஸ்ற். சாப்பிட்டியளோ?" என்றார். பதிலுக்குக் காத்திருந்தார். "மச்சானும் பக்கத்திலை நிக்கிறான். குடுக்கிறன்."

அவர் நீட்டினார். கொட்வின் வாங்கினான். அந்த நெருக்கத்தில் றிசீவர் பெட்டியின் கண்ணாடியில் தட்டி, சுருள் வயர் இழுபட்டு, மற்றக் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அகஸ்ரீனா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

"அம்மா," என்றான் கொட்வின். திரும்ப, "அம்மா," என்றான்.

அவள் றிசீவரை அவனிடமிருந்து எடுத்தாள். அந்தப் பக்கம் கடைக்காரர் குனிந்து எடுக்கும்வரை அவர் பெயரைச் சொல்லத் தெரியாமல் "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டாள்.

"ஓம் தங்கச்சி, நிக்கிறன்."

"கை மாறின சத்தம் அங்கை கேட்டதோ?"

"கேட்டது தங்கச்சி," என்றார் அவர். "வடிவாய்க் கேட்டது."